வடக்கு ஜன்னலும் தை மாதமும்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். உங்கள் நலமறிய ஆவல். ஜனவரியில் டொராண்டோவுக்கு வந்து பனிக்காலத்தை வரையலாமே என்று கேட்டிருந்தாய். வர எனக்கும் ஆசைதான். ஆனால் தை மாதத்தில் ஓவியக்கூடத்தை விட்டு வர இயலாது. அதன் காரணத்தைத் தொலைபேசியில் அவசரமாகச் சொல்ல மனமில்லாமல் எழுதுகிறேன்.

மேல்நாட்டு நூல்கள் ஓவியக்கூடத்துக்கு வடக்கே ஜன்னல் வைக்கச் சொல்கின்றன. அந்நாடுகளில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்பதால், வடக்கு வெளிச்சம் மாறாமல் இருக்கும். சென்னையோ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிக்கு வரும் சூரியன், அதற்குப் பின் வடக்கே விலகி, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் நம் ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்து, வரையும் கித்தான் துணி மீதே விழும். வெயிலில் கலந்த மஞ்சள், வெயில் விலகியதும் வெளிறிப்போகும். ஆகவே கோடையில் நான் பெரிய படங்களைத் தொடுவதில்லை. கித்தான்களைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து வைப்பதோடு சரி.

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் நீர்வண்ணத்துக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் கவிந்து நிற்கும் மேகத்துக்கு நான் கறுப்பைத் தொடுவதே இல்லை. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து ஈரத்தாளில் விட்டால், நீலத்தின் துகள்கள் மெல்ல இறங்கித் தாளின் குழிகளில் தங்க, பழுப்பு மேலே பரவும். அந்தச் சாம்பல் நிறத்துக்குள் மழையின் கனம் வந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் இதையே செய்து பார்த்தால், தூரிகை மறுமுனைக்குப் போவதற்குள் தாள் காய்ந்து விளிம்பில் கோடு விழும்.

எண்ணெய் வண்ணத்தின் நிலை வேறு. அது நீர் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது. ஈரமும் குளிர்ச்சியும் வெளிச்சக் குறைவும் சேர்ந்தால் அது தாமதமாகும். அடிப்பூச்சு இறுகுவதற்குள் விரைவில் காயும் பூச்சை மேலே ஏற்றினால் பின்னாளில் வெடிக்கும் என்பதால், மழைக்காலத்தில் காத்திருப்பதும் வேலையே. கித்தானின் முதுகில் பூஞ்சணம் பிடிக்காதபடி படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, காற்றுப் படும்படி நிறுத்தி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பலன் கிடைப்பது மார்கழியிலும் தையிலும்தான். சூரியன் தெற்கே போய்விடுவதால் காலை முதல் மாலை வரை ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கிறது. முட்டுக்காட்டு உப்பங்கழியில் விடியற்பனியின் ஊடே அக்கரைத் தென்னைகள் நீலம் கலந்து மங்கித் தெரிவதைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த நிறம் கண்ணில் இருக்கும்போதே வரைய உட்காரலாம். புகைப்படத்தை வைத்து வரையலாமே என்று நீ முன்பொரு முறை கேட்டாய்; அந்தத் தொலைவைப் புகைப்படம் தட்டையாக்கிவிடுகிறது, அம்மா.

கோடையில் இதுவரை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து வந்தேன். 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரோடு சேர்ந்து சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்களும், மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்று வந்த வருவாயில்தான் தங்கள் கலையைக் காத்துக்கொண்டார்கள் என்பதால், அந்த உழைப்பை நான் என்றும் குறைவாக எண்ணியதில்லை. ஆனாலும் வருகிற கோடையில் வகுப்பு வேண்டாமென்று முடிவு செய்துவிட்டேன்.

எனவே சித்திரை பிறந்த பிறகு சீட்டு எடு. தையில் முடிக்கும் படங்கள் வார்னிஷ் பூசுவதற்கு முன் ஆறு மாதமாவது காய வேண்டும். திரும்பும் பயணத்தை ஆகஸ்ட் நடுவில் வைத்துக்கொண்டால் அந்த வேலைக்குச் சரியாக வந்துசேர்வேன். வண்ணங்கள் எதுவும் வாங்கி வைக்காதே, நானே கொண்டுவருகிறேன். உன் வீட்டில் எந்த அறைக்கு வடக்கே ஜன்னல் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா