கருக்கலைப்பு விவாதம்: இரு தரப்பும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கருக்கலைப்பு குறித்துத் தங்கள் இதழில் எதிரெதிர் நிலையிலிருந்து எழுதப்பட்ட இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். கருவில் வளர்வது எந்தக் கட்டத்திலிருந்து முழு மனித உயிர், தன் உடல்மீது ஒரு பெண்ணுக்குள்ள அதிகாரம் எதுவரை செல்லும் என்ற இரு கேள்விகளையே அவை சுற்றி வந்தன. இவற்றுக்கு எல்லோரும் ஏற்கும் விடை நம் காலத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விரும்பாத கர்ப்பங்களைக் குறைப்பதற்கும், பெற்று வளர்க்க ஆசைப்படும் பெண் வறுமையாலோ துணைவன் கைவிட்டதாலோ கருவைக் கலைக்க நேராமல் பார்த்துக்கொள்வதற்கும் அந்த விடை தேவையே இல்லை. இந்த வேலையைப் பற்றி இரண்டு கட்டுரைகளிலும் ஒரு பத்திகூட இல்லாததுதான் என்னை எழுதத் தூண்டியது.

ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் கர்ப்பங்களில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 12 கோடியே 10 லட்சம், திட்டமிடாமல் உண்டாகுபவை. அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல் கருக்கலைப்பில் முடிகின்றன. ஒவ்வொரு கருக்கலைப்பையும் ஓர் உயிரின் இழப்பாகக் கருதுபவருக்கும், எந்தப் பெண்ணும் அந்த நெருக்கடிக்குத் தள்ளப்படக் கூடாது என்று நினைப்பவருக்கும் இந்த எண் ஒரே அளவு கவலை தர வேண்டும்.

தடை போட்டால் போதும் என்று நம்புபவர்கள் ருமேனியாவைப் பார்க்க வேண்டும். அங்கு 1966இல் கருக்கலைப்பு பெருமளவு தடைசெய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. அடுத்த ஆண்டே பிறப்பு விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. பின்னர் பெண்கள் மறைவான, ஆபத்தான வழிகளைத் தேடிக்கொள்ள, அது மீண்டும் இறங்கியது. பேறுகால மரணங்கள் பெருகின, அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. 1989 இறுதியில் தடை நீங்கியதும் பேறுகால மரண விகிதம் ஒரே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும்: 1990இல் மட்டும் அங்கு பத்து லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் கருக்கலைப்புகள் நடந்தன. கருத்தடை முறைகள் மக்களிடம் பரவிய பிறகே அந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து, இன்று அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கிறது. பெண்களின் உயிரைக் காத்தது அனுமதி; கருக்கலைப்பைக் குறைத்தது கருத்தடை. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும் எவரும் இந்த வரலாற்றில் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலும் 2009 முதல் காப்பர்-டி போன்ற நீண்டகாலக் கருத்தடைச் சாதனங்கள் இலவசமாகவோ குறைந்த செலவிலோ கொடுக்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் பதின்வயதுப் பெண்களிடையே பிரசவங்களும் கருக்கலைப்புகளும் பாதிக்கும் மேல் குறைந்தன. நாடு முழுவதும் அப்போது இவை குறைந்துகொண்டிருந்தன என்பதால் முழுப் பெருமையையும் அத்திட்டத்துக்கே கொடுக்க முடியாது. ஆயினும் பங்கு சிறியதன்று.

தத்துக் கொடுப்பதே நடுவழி என்று சிலர் சொல்வதுண்டு. கருக்கலைப்பு மறுக்கப்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தை பெற்றவர்களில் சுமார் 9 சதவீதத்தினரே தத்துக் கொடுத்தனர். பெற்ற தாய்க்கு அது அவ்வளவு எளிய முடிவன்று. அதை ஒரு கொள்கையாகவே நம்பியிருப்பது அவள் மனத்தை அறியாத பேச்சு.

இரு தரப்பும் ஒன்றாக அமர முடியுமா என்று கேட்பவர்களுக்கு பாஸ்டன் நகரத்தின் கதையைச் சொல்லலாம். 1994 டிசம்பர் 30 அன்று அந்நகரை ஒட்டிய புரூக்லைனில், கருக்கலைப்பு நடைபெற்றுவந்த இரண்டு மருத்துவ நிலையங்களுக்குள் ஒருவன் புகுந்து சுட்டதில் வரவேற்புப் பணியிலிருந்த இரு பெண்கள் இறந்தனர். அடுத்த ஆண்டு, இரு இயக்கங்களிலிருந்தும் மும்மூன்று பெண் தலைவர்கள் ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினர். எதிராளியுடன் பேசினாலே அவர்களுடைய செயலுக்கு நியாயம் கற்பித்ததாகிவிடுமோ என்று கருக்கலைப்பை எதிர்த்த மூவரும் அஞ்சினார்கள். முதல் கூட்டத்துக்குமுன் அருகிலிருந்த உணவகத்தில் அமர்ந்து பிரார்த்தனை செய்துவிட்டே உள்ளே போனார்கள். சில கூட்டங்களோடு முடிய வேண்டியது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 2001இல் அறுவரும் சேர்ந்து நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், தங்கள் நிலைப்பாடுகள் மாறவில்லை, இன்னும் உறுதிப்பட்டிருக்கின்றன என்றே சொன்னார்கள். அதே வேளையில் ஒருவரையொருவர் மதிக்கவும் நேசிக்கவும் கற்றதையும், பொதுவெளியில் கடுஞ்சொற்களைத் தவிர்க்கத் தொடங்கியதையும் எழுதினார்கள். கருத்து மாறாமலே பகை குறையலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் கருத்தடையையும் பாலியல் கல்வியையும் சேர்த்தே எதிர்த்தால், தாங்கள் தடுக்க விரும்புவதையே பெருகச் செய்கிறார்கள். குழந்தை பிறந்தபின் தாய்க்குச் சம்பளத்துடன் விடுப்பும் குழந்தைக்குப் பராமரிப்பும் கேட்டுப் போராடும் வரிசையில் அவர்கள் முதலில் நிற்க வேண்டும். உரிமைக்காகப் பேசுபவர்களும், பணமில்லாததால் அல்லது வேலை போய்விடும் என்ற பயத்தால் கண்ணீருடன் கருவைக் கலைக்கும் பெண்ணை, தன் உரிமையைப் பயன்படுத்தியவளாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. அவளுக்கு வேறு வழியே இருக்கவில்லை. பெற்றுக்கொள்ளும் உரிமையும் உரிமைதான்.

இன்னொன்று. இரண்டு கட்டுரைகளிலும் ஆண் என்ற ஒருவன் வரவே இல்லை. ஆண் கருத்தடை அறுவை சிகிச்சை, பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, ஆபத்தும் குறைவு; ஆயினும் உலகளவில் பெண்களே மிகப் பெரும்பான்மையாக அந்தச் சிகிச்சையை ஏற்கிறார்கள். கர்ப்பத்தைத் தவிர்க்கும் பொறுப்பு முழுவதும் ஒருத்தியின் தலையில் இருக்கும்வரை, தவறி உண்டான கர்ப்பத்துக்கான பழியும் அவளையே சேரும். இவ்விவாதத்தைத் தாங்கள் தொடர்வதாக இருந்தால், அடுத்த இதழில் ஆண்களின் பங்கு குறித்து ஒரு மருத்துவரையும், மருத்துவ நிலையங்களில் பெண்களுக்கு ஆலோசனை வழங்கும் செவிலியர் ஒருவரையும் எழுதச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி