லீன் குழு, வேலூர்: பழைய எழுத்துமுறை வேண்டாம்

வணக்கம் நண்பர்களே,

நேற்று காட்பாடியில், கணித நிறுவல்களைக் கணினியே சரிபார்க்க உதவும் மொழியான லீனில் நாம் எழுதிய நிறுவல்களைச் சேர்ந்து படித்தபோது, லாம்டா குறியும் (λ) டாலர் குறியும் ($) இன்னும் பல இடங்களில் இருந்தன. இப்போதைய பதிப்பான லீன் 4 அவற்றை ஏற்கும்தான். ஆனால் லீனின் பொதுக் கணித நூலகமான மேத்லிப்பின் நடைவிதிப்படி லாம்டாவுக்குப் பதில் 'ஃபன்' (fun), டாலருக்குப் பதில் சிறியது குறியும் நிமிர்கோடும் (<|).

அப்புறம், 'ரீஃபைன் பிரைம்' (refine') என்ற நிறுவல் கட்டளை வேண்டவே வேண்டாம். நிரம்பாத ஒவ்வொரு அடிக்கோட்டையும் (_) அது சத்தமில்லாமல் புது இலக்காக்கிவிடும், அதாவது இன்னும் நிறுவ வேண்டியதாக. எத்தனை இலக்கு பாக்கி என்று வரியைப் படித்தால் தெரியாது. சாதாரண ரீஃபைனில் அடிக்கோட்டுக்கு முன் கேள்விக்குறி (?_) போடுகிறோம், பாக்கி வேலை கண்ணுக்கே தெரிகிறது. புதிதாக வந்தவர்கள் நம் கோப்புகளைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

லீன் 3 காலப் பாடங்களிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். அடுத்த வாரம் சத்துவாச்சாரியில் கூடுவதற்குள் அவரவர் கோப்பை மாற்றிவிடுங்கள். சந்தேகம் என்றால் இங்கேயே கேளுங்கள்.