வெள்ளச்சி இன்னும் குட்டி போடவில்லை

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் 'சரிங்கப்பா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கேட்டால் இல்லை என்பாள்.

வெள்ளச்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. போன ஆடிக் கடைசியில் சேர்த்தது, இந்த வாரத்தோடு 11 மாதம். நேற்று பொழுதோட பார்த்தேன், காம்பு நுனியில் மெழுகு உருகி நின்ற மாதிரி மஞ்சளாக ஒரு சொட்டு கட்டியிருக்கிறது. வாலடியும் தளர்ந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ. குதிரை பகலில் எங்கே போடுகிறது, ஊர் அடங்கட்டும் என்றுதான் பார்த்திருக்கும். கட்டிலைக் கட்டுத்தரையிலேயே போட்டுக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சோறு வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது காலை மணி 11. பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்வார்கள் என்று அம்மா சொன்னாள். இருக்கும். முன்னெல்லாம் ராத்திரி எட்டரைக்கு ஆபீஸ் பஸ்ஸிலிருந்துதான் பேசுவாய், ஹாரன் சத்தத்தில் பாதி காதில் விழாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். வைகாசி முகூர்த்தங்களுக்குக் குதிரை போன வாடகை கையில் இருக்கிறது.

சிட்டுவை ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கொண்டுபோகிறேன். 2 வயதாகிறது, காது இரண்டும் நுனியில் முட்டுகிறது, அசல் மார்வாரிக் காது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று சுழி பார்த்தார், பல்லைப் பிடித்துப் பார்க்கவேயில்லை. வயிற்றடிச் சுழி சரியில்லை என்று ஒன்றேகால் லட்சத்தை எண்பதாயிரத்துக்கு இறக்கினார். குருநாதசாமி நோம்பியில் நாலு பேர் பார்க்கட்டும் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தச் சந்தையில் எத்தனை பேரிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, குதிரைக்காரன் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்று. போன வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வரவில்லை. எல்லோரும் கேட்டார்கள். அதை விடு.

கொறங்காட்டில் ஒரு மழைக்கே கொழுக்கட்டைப்புல் துளிர்த்துவிட்டது. மேற்கே கிளுவை வேலியில் ஒரு சந்து விழுந்திருக்கிறது, போத்து வெட்டி நட வேண்டும்.

ராணிக்குப் போன வாரம் வயிற்று வலி. தவிட்டு மூட்டையை வாய் கட்டாமல் வைத்தது நான்தான். நாங்கள் மாற்றி மாற்றி நடத்திக்கொண்டே இருந்தோம், டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். லத்தி போட்ட பிறகுதான் நான் பச்சைத் தண்ணீர் குடித்தேன். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது உள்ளேயேதான். திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும், காலால் தரையைப் பறிக்கும், நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைச் சொல்லவில்லை, குதிரையைச் சொல்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு. எனக்குத்தான் இந்தக் கட்டிலில் தூக்கம் வருவதில்லை. படுத்தால் நீ எட்டாவது படிக்கும்போது ராணி குட்டி போட்ட ராத்திரிதான் வருகிறது.

அன்றைக்கு நீ தூங்கவில்லை, கண்ணு. எனக்குத் தெரியும். ஓடி வந்து தோளை உலுக்கினாய். "அப்பா, வெள்ளையா வரலீங், செவப்பா வருது" என்றாய். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பனிக்குடம் வெளுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெல்வெட்டுத் துணி மாதிரிச் சிவப்பாகத் தள்ளினால், நஞ்சுக்கொடி முன்னாலேயே கழன்றுவிட்டது. உடனே கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே மூச்சு முட்டிவிடும். எல்லாம் தெரியும். குடித்திருந்தேன். 'போ, வரேன்' என்று புரண்டு படுத்தேன். எழுந்து வந்தபோது செத்த குட்டியின் மூக்கை உன் பள்ளிக்கூடச் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாய்.

விடிந்ததும் அப்பாரு கேட்டார். பையன் தூங்கிவிட்டான் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். அப்பாரு சாகிறவரை உன்னைத் தூங்குமூஞ்சி என்றே கூப்பிட்டார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் எதையும் நீ என்னிடம் வந்து சொன்னதில்லை. கணக்கில் பெயிலானது, பைக்கில் விழுந்து கை முறிந்தது, எல்லாம் அடுத்தவர் வாயால்தான் கேட்டேன். நெஞ்சழுத்தக்காரன் என்று உன்னைத் திட்டியும் இருக்கிறேன். ஒருதரம் வந்து எழுப்பிப் பார்த்தவன்தானே நீ.

நான் குடியை விட்டது உனக்குத் தெரியும். எதற்காக விட்டேன் என்று அம்மாவுக்கும் தெரியாது.

போனைச் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். எப்படியும் முழித்துத்தான் இருப்பேன். எந்த நேரமானாலும் கூப்பிடு. கூப்பிட்டு ஒன்றும் பேசாவிட்டாலும் சரி.

மணி 2 ஆகிறது. வெள்ளச்சி எழுந்து சுற்றுகிறது, கழுத்தடியில் வேர்த்திருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

அப்பா