சோலைமந்திக் கண்காட்சிக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த ஆடி மாதம் திருப்பாதிரிப்புலியூரில் மூன்று நாள் நடந்த சோலைமந்திக் கண்காட்சி நல்லபடியாக நிறைவேறக் காரணமான அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தொழிலையும் ஊரையும் மட்டுமே குறிப்பிடுகிறேன். உரியவர்களுக்குத் தங்களைத்தான் சொல்கிறேன் என்பது தெரியும்.

கண்காட்சி என்றதும் முதலில் வந்த கேள்வி, கடலோரத்து ஊரில் மலைக்காட்டுக் குரங்கைப் பற்றி என்ன பேச்சு என்பதுதான். நியாயமான கேள்வி. சிங்கவால் குரங்கு என்றும் அழைக்கப்படும் சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலக் காடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 4,000 மந்திகளே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றின் வட எல்லை, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சிர்சிக்கும் ஹொன்னாவருக்கும் இடைப்பட்ட காடுகள். அங்கேதான் சித்தாபுர வட்டத்தில் கத்தலேகான் என்ற நன்னீர்ச் சதுப்புக் காடு இருக்கிறது. கன்னடத்தில் 'கத்தலே' என்றால் இருட்டு. உள்ளே நுழைந்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்லத் தேவையிராது.

எங்களை அங்கே அழைத்துச் சென்றவர் சிர்சிப் பக்கம் பிறந்து புதுச்சேரியில் வங்கிப் பணி புரியும் நண்பர். நான்கு பேருக்கும் தம் மாமனார் வீட்டிலேயே தங்க இடம் தந்து, சோறும் போட்டு, நாள் முழுக்க மொழிபெயர்த்துக்கொண்டும் இருந்தார். அவருடைய மாமனார் பாக்குத் தோட்டக்காரர். காட்டோரத்தில் நின்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதி வைத்திருந்தோம்: "எங்கள் வயலும் ஒரு காலத்தில் இந்தச் சதுப்புதான்." ஓடை வற்றாத பள்ளத்தாக்கு நெல்லுக்கும் பாக்குக்கும் ஏற்றது என்பதால், இத்தகைய சதுப்புகளில் பெரும்பகுதி தலைமுறை தலைமுறையாக வயலாகவும் தோப்பாகவும் மாறிப்போனது. யாரையும் குறை சொல்லாமல், தம் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு அதைச் சொன்ன பெரியவருக்கு என் முதல் வணக்கம்.

உப்பகே என்று அவர்கள் அழைக்கும் காட்டுப்புளியைப் பற்றிச் சொல்லித்தந்தவரும் அவர்தாம். நம் ஊரில் குடம்புளி என்றால் தெரியும். மழைக்காலத்தில் அதைப் பறித்து, விறகு எரித்து உலர்த்தி விற்பது அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு முக்கிய வருமானம். உடல் மெலிவதற்கான மாத்திரைகளுக்கு அது தேவைப்படத் தொடங்கியபின் முற்றாத காயையும் பறிக்கிறார்கள், கிளையையும் வெட்டுகிறார்கள். அதே பழம் சோலைமந்திக்கும் இரை. இந்த வியாபாரத்தின் மறுமுனையில் நம் ஊர் மருந்துக்கடை அலமாரியும் இருக்கக்கூடும் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது.

ஏப்ரல் கடைசி வாரத்திலும் சதுப்பில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து முழங்கால் மடக்கியதுபோல் வளைந்து எழுந்து, மறுபடியும் சேற்றுக்குள் போகும் வேர்கள். இரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருந்தபின் மேலே கிளை சலசலத்தது. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த குட்டையான வால். ஒன்று பட்டையை உரித்துப் பூச்சி தேடியது. இன்னொன்று எதையோ கடித்துவிட்டுப் போட்டது. எடுத்துப் பார்த்தால் காட்டு ஜாதிக்காய், கொட்டையைச் சுற்றிய சிவந்த பத்திரி பாதி உரிந்திருந்தது.

அந்தக் காயால்தான் கண்காட்சியே உயிர் பெற்றது. பச்சைக் குழந்தைக்கு ஜாதிக்காய் இழைத்துக் கொடுக்காத தாய்மார் நம் பக்கம் குறைவு. அதே குடும்பத்து மரங்கள்தாம் இந்தச் சதுப்பை ஆள்கின்றன என்று சொன்னவுடன், ஓரமாக நின்ற பாட்டிமார்கள் முன்னால் வந்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு தட்டு நிறைய ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் கொடுத்தனுப்பி, காசு வாங்க மறுத்த நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. மூன்றாம் நாள் மாலை தட்டில் பாதிதான் இருந்தது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

வேர்களைப் பற்றி மூன்று பத்தி எழுதி வைத்திருந்தேன். கிள்ளையிலிருந்து வந்த பிச்சாவரம் படகோட்டி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "சார், சேத்துல காத்து இல்ல, அதான் வேரு தலைய வெளிய நீட்டுது. இத சொல்ல இவ்ளோ எழுதணுமா?" என்றார். பத்திகளை எடுத்துவிட்டு அவரையே அங்கே நிறுத்தினோம். பிச்சாவரத்துச் சுரபுன்னையும் வெண்கண்டலும் உப்பங்கழியில் செய்வதையே காட்டு ஜாதி மரங்கள் நன்னீரில் செய்கின்றன என்பதை மூன்று நாளும் சலிக்காமல் விளக்கினார். சுற்றுலாப் பருவ வருமானத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். தென்னம்பாளையையும் பழைய சைக்கிள் டியூப்பையும் வைத்து அந்த முழங்கால் வேர்களைச் செய்து தந்த முதுநகர்த் தச்சருக்கும் இதே வரியில் நன்றி.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நுழைவாயில் பேனரில் நான் கொடுத்திருந்தது கருமந்தி என்ற வேறொரு குரங்கின் படம். முப்பது ஆண்டு விலங்கியல் நடத்தியவன் கவனிக்காததை, பலகை தூக்க வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி கவனித்தாள்: "ஐயா, இதுக்கு வால் நீளமா இருக்கே, குஞ்சத்தக் காணோமே?" அச்சகத் தம்பி இரவு பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து புதிதாக அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கினார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னர், ஒப்புக்கொண்ட மண்டபம் கைவிரித்தபோது தம் நெல் கிடங்கைக் காலி செய்து கொடுத்த வியாபாரிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். நெல் வாசனையோடு சதுப்புக் காட்டைக் காட்டியது, அந்தப் பாக்குத் தோட்டப் பெரியவர் சொன்னதை நினைத்தால், ஒருவகையில் பொருத்தமாகவே அமைந்தது.

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் வரைபடங்களும் உலர்த்திய தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. அங்கே பொறுமையாக வழிகாட்டியவர்களுக்கு நன்றி. கத்தலேகானின் பெயரையே தாங்கிய ஒரு மரவகை 2000ஆம் ஆண்டில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது என்பதைப் பலகையில் படித்த கல்லூரி மாணவர் ஒருவர், அவ்வளவு காலமும் அது எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்டார். கர்நாடக அரசு 2011இல் உத்தர கன்னடத்தின் அகநாசினிப் பகுதியைச் சோலைமந்திக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்ததையும் சேர்த்தே எழுதியிருந்தோம்.

வரவு செலவுக் கணக்கைக் கிடங்கு வாசலிலேயே ஒட்டியிருந்தோம். மீதித் தொகை 1,140 ரூபாய் என்னிடம் இருக்கிறது. பதினெட்டுப் பலகைகளும் நான்கு வேர் மாதிரிகளும் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் உள்ளன; ஐந்தாவது வேர், ஒரு பையன் ஏறி நின்றதில் உடைந்துவிட்டது. தச்சர் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பள்ளி வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். படகோட்டியும் வருவார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்காதீர்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கண்காட்சிக் குழுவின் சார்பாக,
மஞ்சக்குப்பம், கடலூர்.