மதிய இடைவேளையில் போக்கர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி இல்லாத பள்ளிக்கூடங்களை வரவேற்றுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நியூயோர்க் மாநிலத்தில் 2025 செப்டெம்பர் முதல், காலை மணியிலிருந்து கடைசி மணி வரை, மதிய இடைவேளையிலும் கூட, மாணவர்கள் கைபேசி பாவிக்கக் கூடாது. குயின்சில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் தகப்பனாக நானும் இந்தச் சட்டத்தை வரவேற்றேன். சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகள் இப்போது முகம் பார்த்துக் கதைக்கிறார்கள், கடதாசி, அதாவது சீட்டு, விளையாடுகிறார்கள் என்று மகன் சொன்னபோது மனம் நிறைந்தது.

போன மாதம் அவனுடைய குளிர் ஜக்கெட்டைத் தோய்க்க எடுத்தேன். உள்பையில் ஒரு சீட்டுக்கட்டு, தங்கையின் தலைமயிர் ரப்பரால் சுற்றியபடி. அதற்குள் மடித்துச் செருகிய கொப்பித்தாளில் நாலு பேரின் முதலெழுத்துகள், கீழே கூட்டலும் கழித்தலும். என் மகனின் எழுத்துக்கு நேரே கழித்தல் 38. அத்தனையும் டொலர்.

“சும்மா விளையாட்டுத்தானே அப்பா, எல்லாரும் விளையாடினம்” என்றான். விளையாடியது போக்கர், பந்தயம் கட்டி ஆடும் சீட்டாட்டம். மேசையில் காசு வைத்தால் பிடிபடுவார்கள் என்று கணக்கைத் தாளில் எழுதுகிறார்கள். கடைசி மணி அடித்துக் கைபேசி கைக்கு வந்ததும், சப்வேக்கு நடக்கிற வழியிலேயே செயலியில் கடனைத் தீர்த்துவிடுகிறார்கள். 38 டொலர் என்றால் அவனுக்கு இரண்டு மாதக் கைச்செலவு. தோற்றதை எடுக்கத்தான் அடுத்த நாளும் உட்கார்ந்தேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். என்னைப் பயமுறுத்தியது தொகை இல்லை, அந்த ஒரு வார்த்தைதான்.

பள்ளிக்கூடம் இதை அறிந்து, எந்தச் சீட்டுக்கட்டும் கொண்டுவரக் கூடாது என்று கடிதம் அனுப்பியது. சின்னப் பிள்ளைகளும் விளையாடும் ஊனோச் சீட்டும் அதற்குள் அடக்கம். இதில் எனக்கு உடன்பாடில்லை. சீட்டைப் பறித்தால் பந்தயம் மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் போகும், நாளைக்கு நாணயத்தைச் சுண்டியும் ஆடலாம். இந்த மாநிலத்தில் 2022 ஜனவரியிலிருந்து கைபேசியில் விளையாட்டுப் பந்தயம் கட்டலாம். வயது 21 ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் கூடைப்பந்துப் போட்டி பார்க்க உட்கார்ந்தால் பந்தய விளம்பரம் 10 வயதுப் பிள்ளையின் கண்ணிலும்தான் படுகிறது. காசு இல்லாத விளையாட்டு விளையாட்டே இல்லை என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது.

நான் கடதாசியை வெறுப்பவன் அல்ல. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனபின், ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து 304 என்ற கடதாசி விளையாட்டை விளையாடி வளர்ந்தவன். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிச் சீட்டுகளுக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. இந்தக் கூட்டலை நான் படித்தது வாத்தியாரிடம் அல்ல, பெரியம்மாவிடம். எதிரே இருக்கும் சோடியின் கையில் என்ன இருக்கும் என்று யோசித்து இறங்க வேண்டும். ஒரு சதம் கைமாறாமல் நடுச்சாமம் வரை சண்டை பிடித்திருக்கிறோம்.

ஆகவே பள்ளி நிர்வாகங்களிடம் நான் கேட்பது இதுதான். சீட்டுக்கட்டை அனுமதியுங்கள், காசையும் கடன் கணக்கையும் தடைசெய்யுங்கள். இடைவேளையில் பெரியவர் ஒருவரை அந்த மேசைகளுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். பெற்றோராகிய நாங்களும் பிள்ளைகளின் பணச் செயலியைத் திறந்து, சின்னச் சின்னத் தொகைகள் ஒரே நாலு பேருக்குள் சுற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நான் அதைப் பார்த்தது அந்தத் தாள் அகப்பட்ட பிறகுதான். செப்டெம்பரிலிருந்தே அதில் எல்லாம் இருந்தது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன். கிழமையில் ஒரு நாள் மதியம் வந்து 304 சொல்லிக்கொடுக்கவும் தயார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குயின்சில் பிள்ளைகள் படிக்கும் மற்றத் தமிழ்ப் பெற்றோரும் தங்கள் பள்ளிக்கூடங்களில் இதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
குயின்ஸ், நியூயோர்க்