கராச்சி வேலையும் சிகாகோ வேலையும்

காயல்பட்டினம்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த அரசு ஆய்வு வேலைக்கென்று நீ அனுப்பிய நியமனக் கடிதத்தின் வரைவை நிதானமாகப் படித்தேன். சம்பளம் உன் காக்காவுக்கு (அண்ணனுக்கு) பிடித்துவிட்டது. நான்கு மணி நேரத்தில் ஊருக்கு வந்துவிடலாம் என்பது உம்மாவுக்குப் பிடித்துவிட்டது. 'இனி வாப்பாதான் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரைவில் ஒரே ஒரு வரிதான் கண்ணில் நிற்கிறது: மார்க்கத்தைக் காலத்துக்கேற்ப விளக்கும் ஆய்வுகளை அரசுக்கு உரிய நேரத்தில் அளிக்க வேண்டும் என்கிற வரி. படித்ததும் இஸ்லாமியச் சிந்தனையாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் ஞாபகம் வந்தார்.

மான்ட்ரியலில் நீ படிக்கும் அதே மெக்கில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தில் 1958 முதல் 1961 வரை அவர் ஆசிரியர். அவர் எழுதிய பிற்காலப் புத்தகங்களை நீ என்னைவிட நன்றாக அறிவாய். ஆனால் அவரை ஒரு வேலைக்காரராக, அதாவது வேலையை ஏற்றவராக, விட்டவராக, நீ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

1919இல் ஹஸாராவில், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில், பிறந்தார். தகப்பனார் மௌலானா ஷிஹாபுத்தீன் வட இந்தியாவின் தேவ்பந்து மதரஸாவில் ஓதியவர். மகனை மதரஸாவுக்கு அனுப்பாமல் அந்தப் பாடத்தை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மறுபக்கம் லாகூரில் நவீனக் கல்வியும் கிடைத்தது. புதிய காலம் மார்க்கத்துக்கு ஒரு சவால், ஆனால் ஒரு வாய்ப்பும்கூட என்று நம்பிய ஆலிம், மார்க்க அறிஞர், அந்தத் தகப்பனார். அந்த நம்பிக்கையைத் தகப்பனிடமிருந்து பெற்றதாக மகன் பின்னாளில் எழுதினார். ஆலிம்களைப் பற்றி அவர் எழுதிய சுடுசொற்களையெல்லாம் இந்த ஒரு வரிக்காக நான் பொறுத்துக்கொள்கிறேன். உரைக்கு உரை, அந்த உரைக்கு ஒரு குறிப்புரை என்று ஓதி ஓதி மூலத்தையே மறந்தோம் என்று 1982இல் எழுதினார் அல்லவா? நான் ஓதிய காலத்தை நினைத்தால் மறுக்க முடியவில்லை. மதரஸாக்களின் பாடத்திட்டமான தர்ஸே நிஜாமியில் 'சத்ரா' என்றொரு கிதாபு உண்டு. ஷீராஸின் தத்துவ அறிஞர் முல்லா சத்ரா எழுதிய உரை. எங்கள் உஸ்தாது அதன் முதல் பக்கங்களை மட்டும் ஓதி, பரகத்துக்கு இது போதும் என்று மூடிவிட்டார். முல்லா சத்ராவின் மூல நூல்களைத் தேடிப் படித்து, அவருடைய தத்துவத்தைப் பற்றி 1975இல் முழுப் புத்தகம் எழுதியவர் ஃபஸ்லுர் ரஹ்மான்.

அதற்கு முன்பே பழைய தத்துவ மேதை இப்னு சீனா அவருக்குப் பழக்கம். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1942இல் அரபியில் எம்.ஏ. முடித்து, ஆக்ஸ்ஃபோர்டு போய், 1949இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வு, இப்னு சீனாவின் 'நஜாத்' நூலில் ஆன்மாவைப் பற்றிய பகுதி. மொழிபெயர்ப்பு, விளக்கம், எங்கே அரிஸ்டாட்டில், எங்கே அவரை விட்டு விலகல் என்ற வரிக்கு வரி ஒப்பீடு. 1952இல் அது புத்தகமானது. 1959இல் இப்னு சீனாவின் பெருநூலான 'ஷிஃபா'வின் ஆன்மப் பகுதியின் அரபு மூலத்தையே பதிப்பித்தார். அந்தரத்தில் படைக்கப்பட்ட மனிதன், கண் மூடியிருக்க, கை கால் ஒன்றையொன்று தொடாதிருக்க, 'நான் இருக்கிறேன்' என்பதை மட்டும் அறிவானா என்று இப்னு சீனா கேட்கும் இடத்தில்தானே நீ இத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறாய்? நீ மேற்கோள் காட்டும் அந்த அரபு வரிகளைப் பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தந்த கைகளில் அவருடைய கையும் ஒன்று.

இந்தக் காலம் அவருக்குச் சுகமான காலமல்ல. தத்துவம் படிக்கப் படிக்க, வீட்டில் கற்ற நம்பிக்கைகள் நொறுங்கிப்போயின என்று அவரே எழுதியிருக்கிறார். நாற்பதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய அந்தச் சந்தேகம் ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை நீடித்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பாரசீகமும் இஸ்லாமியத் தத்துவமும் கற்பித்துக்கொண்டே அதைச் சுமந்திருக்கிறார். பிறகு குர்ஆனை முதலிலிருந்து தானே படிக்கத் தொடங்கினார். போன வருடம் நீ இரவு நேரத்தில் தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லாமல் இருந்தது கோபத்தால் அல்ல. அவசரமாகச் சொல்லும் பதில் அந்த மாதிரிக் கேள்விக்கு மரியாதை ஆகாது.

இனி கராச்சிக் கதை. பாகிஸ்தானில் அதிபர் அயூப் கான் ஆட்சியில் இஸ்லாமிய ஆய்வுக்கென்று ஒரு மத்திய நிறுவனத்தை அரசே தொடங்கியிருந்தது. புதிய நாடு, புதிய சட்டங்கள். மார்க்கத்தின் வெளிச்சத்தில் அவற்றை விளக்க ஆள் வேண்டும். மெக்கிலில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு 1961இல் ஃபஸ்லுர் ரஹ்மான் போனார். அடுத்த ஆண்டே இயக்குநர். ஆசையால் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். தகப்பன் சொன்ன அந்த வாய்ப்பு கைக்கு எட்டிவிட்டது என்று நம்பித்தான் போயிருப்பார். எந்தப் பிள்ளைதான் போகாது?

போன இடத்தில் கேள்விகள் வரிசையாக வந்தன. வங்கி வட்டி, மார்க்கம் தடுத்த ரிபாவா? இரண்டாவது மணத்தைச் சட்டம் கட்டுப்படுத்தலாமா? இயந்திரத்தால் அறுத்த இறைச்சி ஹலாலா? ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஆழமான பதில் இருந்தது. வட்டியைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் மூலங்களைப் படிக்காமல் சொன்னார் என்று எவரும் சொல்ல முடியாது. சிக்கல் பதிலில் இல்லை, மகளே. கேட்டவர் யார் என்பதில் இருந்தது. அரசுக்குத் தேவையான நேரத்தில், தேவையான திசையில் ஒரு பதில் வந்தால், அதற்குப் பின்னால் இருபது வருடப் படிப்பு இருக்கிறதா என்று தெருவில் நிற்பவன் பார்ப்பானா? சர்க்கார் மௌலவி என்பான், அவ்வளவுதான்.

1966இல் 'இஸ்லாம்' என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. அதில் வஹீயை, அதாவது இறைச்செய்தியைப் பற்றி ஒரு கருத்து: குர்ஆன் முழுக்க அல்லாஹ்வின் கலாம் (வார்த்தை), அதே வேளையில், சாதாரணப் பொருளில், முழுக்க நபி (ஸல்) அவர்களின் வார்த்தையும்கூட. நபியின் உள்ளத்தில் வஹீ எப்படி இறங்கியது என்பது அல்ஃபாராபியும் இப்னு சீனாவும் மல்லுக்கட்டிய பழைய கேள்வி. 1958இல் நுபுவ்வத்தை, அதாவது நபித்துவத்தைப் பற்றி ஃபஸ்லுர் ரஹ்மான் எழுதிய தனி நூலே இதைப் பற்றியதுதான். வகுப்பில் சொல்லியிருந்தால் மாணவர்கள் ஒரு மாதம் விவாதித்திருப்பார்கள். 'இஸ்லாம்' நூலின் பகுதிகள் நிறுவனத்தின் உருது இதழில் வந்தபோது நாடே கொதித்தது. கூட்டங்கள், கண்டனங்கள், கடையடைப்பு. அயூப் கானை நேரடியாகத் தாக்க முடியாதவர்களுக்கு இவர் வசதியான இலக்கு. 1968 செப்டம்பரில் பதவியை விட்டார். அந்த ராஜினாமா ஆட்சியைக் காப்பாற்றவும் இல்லை; அடுத்த மார்ச்சில் அயூப் கானே போய்விட்டார்.

எதிர்த்தவர்களையெல்லாம் அறிவிலிகள் என்று எழுதும் கட்டுரைகள் எனக்கு ஒப்பவில்லை. அவர்களில் நெஞ்சார வருந்திய ஆலிம்கள் உண்டு. ஆனால் அமைதியாக உட்கார்ந்து பதில் எழுதக்கூடியவர்களும் மேடை ஏறி முழங்க வேண்டிய நிலை வந்தது, அந்தக் கருத்து அரசின் முத்திரையோடு வந்ததால்தான். அந்த வரியையே ஒரு தனி ஆசிரியராக எழுதியிருந்தால் அது கருத்து வேறுபாடாக நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு அமெரிக்கா. கலிபோர்னியாவில் கொஞ்ச காலம். 1969 முதல் சிகாகோ பல்கலைக்கழகம், 1988இல் மவுத்தாகும் (இறக்கும்) வரை. ஊரை விட்டு வந்த வேதனை இருந்திருக்கும், அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனாலும் கணக்குப் பார். முல்லா சத்ரா நூல், 1980இல் குர்ஆனின் முக்கியக் கருப்பொருள்கள், 1982இல் கல்வி பற்றிய நூல் எல்லாம் அங்கேதான். நம் காலத்து நிலைமையிலிருந்து குர்ஆன் இறங்கிய காலத்துக்குப் போய், அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னாலிருந்த நோக்கத்தைக் கண்டு, அந்த நோக்கத்தோடு இன்றைக்குத் திரும்பி வர வேண்டும் என்ற அவருடைய முறை முழு வடிவம் பெற்றதும் அங்கேதான். இந்தோனேசியாவிலிருந்து வந்த நூர்ஹொலிஷ் மஜித் அவரிடம் படித்து 1984இல் பழைய மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யாவைப் பற்றி ஆய்வை முடித்தார். ஊர் திரும்பி அந்த நாட்டின் இஸ்லாமியச் சிந்தனையில் பெரிய பெயரானார். ஒரு சர்க்கார் நிறுவனத்தின் தலைவராக இருந்து செய்ய முடியாததை ஒரு வகுப்பறை செய்தது.

அவரைக் கரை சேர்த்தது எது? இயக்குநர் பதவி பறந்ததும் உலகில் வேறு கதவு திறந்ததற்குக் காரணம், இப்னு சீனாவின் மீது அவர் செலவழித்த அந்த ஆரம்ப வருடங்கள். எந்த அமைச்சருக்கும் தேவைப்படாத வேலை அது. ஆகையால் எந்த அமைச்சராலும் பறிக்க முடியாத வேலையும்கூட.

போகாதே என்று நான் சொல்லவில்லை. நான் சொன்னால் நீ கேட்டுக்கொள்வாய் என்பதாலேயே சொல்லவில்லை. அவர்களிடம் எழுத்தில் சில விஷயங்களைக் கேள். நீ எழுதுவதை உன் பெயரில், உன் விருப்பப்படி, வெளி இதழ்களில் வெளியிடலாமா? ஆய்வின் தலைப்பை யார் முடிவு செய்வது? அரசின் அறிவிப்பு ஒன்றுக்கு ஆதாரமாக உன் கட்டுரையைக் காட்டும்முன் உன்னிடம் சம்மதம் கேட்பார்களா? 'வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், அதுவே பதில். சம்மதித்தால் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு மேல் போடாதே. அதற்குள் ஆய்வேட்டைப் புத்தகமாக்கி முடித்துவிடு. அங்கே போன பிறகு நேரம் கிடைக்கும் என்று நம்பாதே. கூட்டம், அறிக்கை, விருந்து என்று வாரம் ஓடிவிடும்.

மான்ட்ரியலிலேயே அந்த ஓராண்டு ஆசிரியர் வேலை கிடைத்தால் சம்பளம் பாதிதான் என்று காக்கா சொல்கிறான். வீட்டுக் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன். என் ஓய்வூதியம் அதற்குப் போதும். உன் உம்மாவிடம் இப்போதைக்கு இதைச் சொல்லாதே, நான் பக்குவமாகச் சொல்கிறேன். அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள்.

ஒரு வேலை உனக்கு. ஷிஃபாவின் அந்த 1959ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு உங்கள் நூலகத்தில் இருக்கும். அதன் முதல் மகாலாவை (பகுதியை) படமெடுத்து அனுப்பு, எழுத்து தெளிவாகத் தெரியும்படி. உன் மூன்றாம் அத்தியாயத்தை அதோடு வைத்துப் படிக்க வேண்டும்; இரண்டு இடங்களில் உன் மொழிபெயர்ப்பில் எனக்குச் சண்டை இருக்கிறது.

துஆவுடன்,
வாப்பா