நான்காவதாக வந்த குதிரையின் பெயரையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் ஃபிளாட் (தடை தாண்டாத) குதிரைப் பந்தய சீசன் தொடங்கியதையொட்டி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் 'கவனிக்க வேண்டிய குதிரைகள்' என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். டெர்பி நாளைத் தவிர மற்ற நாட்களில் குதிரைப் பந்தயத்தைத் திரும்பியும் பார்க்காத தமிழ்ப் பத்திரிகை உலகில் இதுவே பெரிய விஷயம். ஆனால் பட்டியலில் இருந்தவை எல்லாமே முதல் இரண்டு வாரங்களில் ஜெயித்த குதிரைகள். எத்தனை லெங்த் (ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தன என்பதைத் தவிர அவற்றைப் பற்றி வேறு தகவலே இல்லை. இப்படித் தேர்ந்தெடுத்தால் ஜூன் மாதத்தில் பாதிப் பெயர்களைத் தேட வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. புல்தரை சீசன் மார்ச் கடைசியில் டான்காஸ்டரில் தொடங்குகிறது. லிங்ஃபீல்டு, கெம்ப்டன், வுல்வர்ஹாம்ப்டன், நியூகாசில் ஆகிய இடங்களின் செயற்கைத் தரையில் குளிர்காலம் முழுக்க ஓடிய குதிரைகள் உடம்பு இறுகி, மூச்சு பழகி வந்து நிற்கும். பெரிய லாயங்களின் நல்ல மூன்று வயதுக் குதிரைகளோ ஐந்தாறு மாத ஓய்வுக்குப் பிறகு வருகின்றன. குளிர்கால முடிகூட முழுசாக உதிர்ந்திருக்காது, வயிறு சற்றுத் தொங்கும். இந்த இரண்டும் மோதினால் ஏப்ரலில் முதல் வகைதான் ஜெயிக்கும். அது தயார்நிலைக்குக் கிடைத்த வெற்றி. திறமையின் அளவு அதில் தெரியாது.

தரையையும் சேர்த்துப் பாருங்கள். மழையில் ஊறிய ஏப்ரல் தரையில், பின்தங்கிய குதிரையை ஜாக்கி விரட்ட மாட்டார், விட்டுவிடுவார். அதனால் இடைவெளி விரிந்துவிடும். சகதியில் எட்டு லெங்த்தில் ஜெயித்ததை, இறுகிய தரையில் எட்டு லெங்த்தில் ஜெயித்ததற்குச் சமமாக எண்ணிவிடக் கூடாது.

இரண்டு வயதுக் குட்டிகளில் ஏமாற்றம் இன்னும் அதிகம். பந்தயக் கணக்கில் வடகோளத்துக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள். ஆகவே பிப்ரவரியில் பிறந்த குட்டியும் மே மாதம் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது. ஏப்ரலில் இவை மோதும்போது ஒன்றுக்கு 26 மாதம், மற்றதற்கு 23 மாதம். அந்த வயதில் மூன்று மாதம் என்பது எலும்பிலும் தசையிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். 1964இல் கென்டக்கி டெர்பியை வென்ற நார்தர்ன் டான்சர் பிறந்தது மே 27ஆம் தேதி. பந்தயக் கார்டில் (ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல்) பிறந்த தேதி இருக்கிறது, பார்ப்பவர்தான் குறைவு. ஏப்ரலில் ஜெயித்த மே மாதக் குட்டி கிடைத்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டான்காஸ்டரின் பிராக்கிள்ஸ்பி ஸ்டேக்ஸ் புல்தரை சீசனின் முதல் இரண்டு வயதுப் பந்தயம், ஐந்து ஃபர்லாங், அதாவது ஏறத்தாழ 1,000 மீட்டர். 2009இல் இதை வென்ற ஹார்ட்ஸ் ஆஃப் ஃபயர் அதே ஆண்டு மிலானில் கிரான் கிரிடேரியம் வென்றது. 2016இல் வென்ற தி லாஸ்ட் லயன், செப்டம்பரில் நியூமார்க்கெட்டின் மிடில் பார்க் ஸ்டேக்ஸையும் வென்றது. இரண்டும் அப்போது குரூப் 1, அதாவது உச்சத் தரப் பந்தயங்கள். ஆனால் எடுத்துக்காட்டுக்கு இப்படி விரல்விட்டு எண்ணத்தான் முடிகிறது. கோடியாக் போன்ற தந்தையின் குட்டிகள் சீக்கிரம் பக்குவமாகிவிடும். அவை ஏப்ரலில் ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை. தந்தை நீண்ட தூரத்துக்குப் பேர்போன கலிலியோ என்ற குதிரையின் வழி, தாய் ஒன்றரை மைல் ஓடியவள் என்று ஒரு குட்டி மே மாதம் ஆறு ஃபர்லாங்கில் களமிறங்கி, கேட் திறந்ததும் தடுமாறி, நடுவில் திசை தெரியாமல் விழித்து, கடைசி 200 மீட்டரில் நேராகி நான்காவதாக வந்தால் அதுதான் செய்தி. ஸீ தி ஸ்டார்ஸ் 2008 ஜூலையில் அயர்லாந்தின் கரா மைதானத்தில் தன் முதல் ஓட்டத்தில் நான்காவதாகத்தான் வந்தது. மறு ஆண்டு 2000 கினீஸ், டெர்பி, பாரிஸின் ஆர்க் ஆகிய பெரிய பந்தயங்கள் மூன்றையும் ஒரே சீசனில் வென்றது.

ஓட்டத்தின் பதிவை ஒருமுறை பார்த்தால் போதாது. முதல் தடவை கண் தானாகவே ஜெயிக்கும் குதிரையின் பின்னால் ஓடிவிடும். இரண்டாம் தடவை மூன்றாவது முதல் ஆறாவது வரை வந்தவற்றை மட்டும் பாருங்கள். ஜாக்கியின் கை எப்போது அசையத் தொடங்குகிறது? மூன்று ஃபர்லாங் இருக்கும்போதே தள்ளத் தொடங்கியும் குதிரை அதே வேகத்தில் நீடித்தால், அதற்கு வேகம் போதவில்லை, தூரம் வேண்டும். ஒரு ஃபர்லாங்குக்குள் கை அசைந்ததும் ஒரே தாவலில் பதில் வந்து பிறகு அடங்கினால், உடம்பு இன்னும் தயாராகவில்லை, அடுத்த ஓட்டத்தில் முன்னேறும். சாட்டை பட்டதும் வாலைச் சுழற்றித் தலையைப் பக்கவாட்டில் திருப்பும் குதிரையிடம் எச்சரிக்கையாக இருங்கள். மூன்றாம் தடவை வின்னிங் போஸ்டுக்கு அப்பால் பாருங்கள். படம் வெட்டப்படாமல் இருந்தால், கோட்டைத் தாண்டி நூறு மீட்டரில் யார் யாரை முந்துகிறார்கள் என்பது தெரியும்.

நேரக் கணக்கு இல்லாமல் இதை உறுதிசெய்ய முடியாது. ஒரு மைல் (எட்டு ஃபர்லாங்) பந்தயத்தை ஒரு குதிரை 100 விநாடியில் வென்று, கடைசி மூன்று ஃபர்லாங்கை 36 விநாடியில் முடித்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் ஃபர்லாங்குக்கு 12.5 விநாடி, முடிவில் 12. அதாவது முதல் பகுதி மெதுவாகப் போயிருக்கிறது. முன்னால் இருந்தவனுக்கு இது சாதகம். மூன்று லெங்த் பின்னால் வந்த நான்காவது குதிரையின் நேரம் 100.5 (நல்ல தரையில் விநாடிக்கு ஆறு லெங்த் என்பது வழக்கமான கணக்கு). அது கடைசி மூன்று ஃபர்லாங்கை 35.4இல் ஓடியிருந்தால், மூன்று ஃபர்லாங் கம்பத்தில் 1.1 விநாடி பின்தங்கியிருந்து, அதில் 0.6 விநாடியை மீட்டிருக்கிறது. மெதுவான ஓட்டத்தில் பின்னால் சிக்கியும் மிக வேகமாக முடித்தது அதுதான். ஒரு மைலில் ஒரு லெங்த் ஏறத்தாழ இரண்டு பவுண்டு எடைக்குச் சமம். ஐந்து ஃபர்லாங்கில் மூன்று, ஒன்றரை மைலில் ஒன்றுக்குச் சற்று மேல். ஐந்து ஃபர்லாங்கில் தோற்ற மூன்று லெங்த்தும் ஒன்றரை மைலில் தோற்ற மூன்று லெங்த்தும் ஒன்றல்ல.

ஜெயித்தது யாரை என்பதையும் விடக் கூடாது. 2010 ஆகஸ்டில் நியூமார்க்கெட்டில் ஒரு மைல் மெய்டன் (இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கான) பந்தயம். ஃபிராங்கெல் தன் முதல் ஓட்டத்தில் அரை லெங்த்தில்தான் ஜெயித்தது. அரை லெங்த் என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் இருந்திருப்பார்கள். இரண்டாவதாக வந்த நதானியல் மறு ஆண்டு கிங் ஜார்ஜ், 2012இல் எக்லிப்ஸ் என்ற பெரிய பந்தயங்களை வென்றது. 2011 ஏப்ரலில் நியூபரியின் கிரீனம் பந்தயத்தில் ஃபிராங்கெல்லிடம் நான்கு லெங்த்தில் தோற்ற எக்ஸெலெபிரேஷன் பிற்பாடு குரூப் 1 வெற்றிகளைக் குவித்தது. ஆகவே ஒரு ஏப்ரல் பந்தயம் முடிந்த அன்றே மதிப்பிடாமல் மூன்று வாரம் பொறுங்கள். அதில் தோற்ற குதிரைகள் அடுத்தடுத்து ஜெயித்தால் அந்தப் பந்தயம் முழுதும் கனமானது. முதல் ஐந்து இடத்தையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

நதானியலின் மகள்தான் எனேபிள். 2017 ஏப்ரலில் நியூபரியில் பத்து ஃபர்லாங் பந்தயத்தில் அது மூன்றாவதாக வந்தது. முதலாவதாக வந்தது எனேபிளைப் போலவே பயிற்சியாளர் ஜான் காஸ்டனின் லாயத்தைச் சேர்ந்த ஷட்டர் ஸ்பீட். ஆறே வாரத்தில் எனேபிள் செஸ்டரில் ஜெயித்து, எப்சமில் ஓக்ஸ் பந்தயத்தை ஐந்து லெங்த்தில் வென்று, கோடையில் கிங் ஜார்ஜையும் இலையுதிர் காலத்தில் ஆர்க்கையும் அள்ளிக்கொண்டது. உங்கள் பட்டியலின் விதிப்படி ஏப்ரலில் அதற்கு இடமில்லை.

பெரிய பந்தயத்தில் தோற்றாலும் கணக்கு முடிந்துவிடாது. 2023இல் ஆகஸ்ட் ரோடின் 2000 கினீஸில் பன்னிரண்டாவதாகவும், 2024இல் சிட்டி ஆஃப் டிராய் ஒன்பதாவதாகவும் வந்தன. இரண்டுமே ஒரு மாதத்துக்குள் டெர்பியை வென்றன. கினீஸ் நியூமார்க்கெட்டின் ரௌலி மைல் தடத்தில், நேர்க்கோட்டில், ஒரு மைல். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி முடியும். டெர்பி எப்சமில் ஒன்றரை மைல், டாட்டன்ஹாம் வளைவை நோக்கிச் சரிவில் இறங்கும். தூரமும் தரையின் வாட்டமும் மாறினால் குதிரையே மாறியது போல ஆகிவிடும். ஒரு தோல்வியை வைத்துப் பெயரை அழிக்கும் முன் தூரம் பொருந்தியதா என்று கேட்க வேண்டும்.

நேரில் போகிறவர்களுக்குப் பேடக்கில் (ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) பத்து நிமிடம் போதும். பின்கால் குளம்பு முன்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழுகிறதா? கழுத்து தளர்ந்து, கண் அமைதியாக, நடை நீளமாக இருக்கிறதா? கடைசி இரண்டு விலா எலும்புகள் லேசாகத் தெரிந்தால் உடம்பு தயார். ஒன்றுமே தெரியாமல் உருண்டையாக இருந்தால் அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருக்கலாம். கழுத்தில் லேசான வியர்வை வெயில் நாளில் குற்றமில்லை. பின்கால்களுக்கு நடுவில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வழிந்தால் சக்தி பந்தயத்துக்கு முன்பே செலவாகிறது. பெண்குதிரைகளின் மேல்முடி வசந்தத்தில் தாமதமாகத்தான் பளபளக்கும், அதை வைத்துத் தள்ளிவிட வேண்டாம். கார்டில் நாக்குக் கட்டு, பிளிங்கர் (கண்மறைப்பு), மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். 2018 ஜனவரி முதல் இந்த அறுவை சிகிச்சையை அறிவிப்பது கட்டாயம். அதன் பிறகு வரும் முதல் ஓட்டத்தைத் தனியாகக் கவனியுங்கள்.

ஹேண்டிகேப் (திறமைக்கேற்ற எடை சுமந்து ஓடும் பந்தயம்) குதிரைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல். வழக்கமாக மூன்று ஓட்டத்துக்குப் பிறகுதான் ரேட்டிங் (திறமைப் புள்ளி) கிடைக்கும், ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு எடை. ஒன்றரை மைல் இரத்தம் உள்ள குதிரை போன இலையுதிர் காலத்தில் ஏழு ஃபர்லாங்கில் மூன்று தடவை பின்னால் வந்து குறைந்த ரேட்டிங்கோடு இந்த வசந்தத்தில் பத்து ஃபர்லாங்குக்கு ஏறினால், அந்த முதல் ஓட்டத்தைத் தவறவிடக் கூடாது. ஜெயித்துவிட்டால் ரேட்டிங் ஏறிவிடும், பந்தயம் கட்டக் கிடைக்கும் நல்ல விலையும் போய்விடும்.

டெர்பிக்குப் பதிவு இருக்கிறதா என்பதைச் சிலர் பெரிய ரகசியம் போலச் சொல்வார்கள். அது பயிற்சியாளரும் உரிமையாளரும் ஒரு காலத்தில் வைத்திருந்த நம்பிக்கை, அவ்வளவே. கோல்டன் ஹார்ன் குட்டியாக 1,90,000 கினீக்கு (குதிரை ஏலப் பண அலகு) ஏலத்தில் விலைபோகாமல் திரும்பியது. 2014 அக்டோபரில் நாட்டிங்ஹாம் மெய்டனில் ஜெயித்து, 2015 ஏப்ரலில் ஃபீல்டன், மே மாதம் யார்க்கில் டான்டே ஆகிய பந்தயங்களையும் வென்று ஏறி, 75,000 பவுண்டு கட்டித் தாமதமாக டெர்பிக்குள் நுழைந்து ஜெயித்தது.

செஸ்டர் மே மாதப் பந்தயங்களிலிருந்து அடுத்த பட்டியல் தயாரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மைதானம் கிண்ணம் போல, ஏறத்தாழ முழுதும் இடது வளைவு. ஐந்து ஃபர்லாங்கில் உள்கம்பிப் பக்கத்து டிரா எண் (தொடக்கக் கேட்டில் நிற்கும் இடம்) கிடைத்தவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டிரா எண், தரையின் நிலை, எத்தனையாவது ஓட்டம், கடைசி மூன்று ஃபர்லாங் நேரம் ஆகிய நான்கையும் அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் ஜெயித்த குதிரையின் படத்தைச் சின்னதாக்கிவிட்டு, வெளிப்பக்க எண்ணிலிருந்து ஓடி நான்காவதாக வந்தது எது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பந்தயப் பக்க வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்